தறியில் நிறம்: கைநெசவும் ஒரு கலையே

கைநெசவு என்றதும் சாரம், துவாய், படுக்கைவிரிப்பு என்பனவே எமது நினைவுக்கு வருகின்றன. அதுவும் ஓவியம் போன்ற ஒரு கலை என்றால் நெய்பவர்களே சிரிப்பார்கள். ஆயினும் கொழும்பில் நடந்த ஒரு முயற்சி எமது கிராம நெசவு நிலையங்களுக்கு நல்ல பாடமாகும்.

கண்டியில் 1928இல் பிறந்த பாபரா சன்சோனி இலண்டனில் ஓவியம் கற்றவர். யுவதிகளுக்குத் தொழில் கொடுக்கவென நெசவு நிலையம் நடத்திய நல்லாயன் சபைக் கன்னியர் (கொட்டாஞ்சேனையில் பாடசாலை நடத்தும் அதே சபையினர்தான்) துணிகளுக்கு வடிவமைத்துத் தரும்படி அவரைக் கேட்டனர். அவர் கடினமான வேலைப்பாடு எதையும் புகுத்தவில்லை. கோடும் கட்டமுமான சாதாரண நெசவுதான். நிறங்களை மட்டும் ஓவியரின் கண்ணோடு தெரிந்தார். அம்முயற்சியிலிருந்து வளர்ந்ததே 1964இல் தோன்றிய ‘பெயார்ஃபுட்’ நிறுவனம். சன்சோனி 2022இல் காலமானார்.

விலையில் கைத்தறி இயந்திரத்தை வெல்லாது. (அந்த இயந்திரத்துக்கும் நிலையான வாழ்வில்லை; பெயர்பெற்ற வெள்ளவத்தை நூற்பு நெசவாலை இருந்த காணியில் இன்று தொடர்மாடிகள் நிற்கின்றன.) ஆனால் தறியில் இருப்பவள் நினைத்தால் அங்குலத்துக்கு அங்குலம் ஊடையின் நிறத்தை மாற்றலாம். எமது நிலையங்கள் பலவற்றில் இந்தச் சுதந்திரத்தை நாம் பயன்படுத்துவதேயில்லை. மாதிரித் துண்டு ஒன்றைக் கொடுத்து, ‘இதைப்போல நெய்’ என்கிறோம்.

நிறம் தறியில் எவ்வாறு பிறக்கிறது? பாவில் நீலமும் ஊடையில் பச்சையும் ஓடினால், இரண்டும் தனித்தனியே நிற்க, கண்தான் அவற்றைக் கலக்கிறது. சேலையில் ‘மயில்கழுத்து’ என்று எமது பெண்கள் சொல்லும் நிறம் இதுவே. துணியை அசைத்தால் ஒருமுறை நீலம் மேலோங்கும், ஒருமுறை பச்சை. வண்ணக் கோடுகளுக்கிடையே ஒரு கறுப்பு இழையை ஓட்டிப் பாருங்கள்; பக்கத்து நிறம் பளிச்சிடும். வெள்ளையை ஓட்டினால் வேறொரு துணி போலிருக்கும்.

இதைப் பழக ஒரு தடித்த அட்டை போதும். பாவோடுவதற்கு முன் நூல்களை அட்டையில் நெருக்கமாகச் சுற்றிப் பார்க்க வேண்டும். எந்த நிறம் எத்தனை சுற்று என்பதுதான் முக்கியம். சம அளவுக் கோடுகள் சலிப்புத் தரும். பத்துச் சுற்று மண்ணிறத்துக்கு ஒரு சுற்று மஞ்சள் வைத்தால் கண் அங்கே நிற்கும். நிறங்களுக்குப் புத்தகம் தேட வேண்டாம். பழுத்த பூவரசம் இலை, கருவாட்டுப் பந்தல், மாரிகாலக் குளம் என யுவதிகள் நாளும் காண்பவற்றையே சுற்றச் சொல்லுங்கள்.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. வடிவமைத்தவரின் பெயரைப் பலரும் அறிவர். நெய்த யுவதிகளின் பெயர்களை அறிந்தவர் எத்தனை பேர்? ஆகவே அட்டையின் பின்புறத்தில் அதைச் சுற்றியவளின் பெயரை எழுதி நிலையத்தில் பேணுங்கள். யார் கணக்குக்குக் கூலி கொடுக்கும் இடத்தில் எவளும் நின்று யோசிக்கமாட்டாள். மாதத்தில் ஒரு நாளாவது, நாட்கூலி கொடுத்து, அட்டை சுற்ற விடுங்கள்.