ஒரு நிர்வாகியும் இரண்டு தொழிற்கூடங்களும்

வணிகவியல் வகுப்பில் நிர்வாகவியல் பாடம் நடத்தும்போது, ஒரு தலைமை நிர்வாகியின் திறமையை எதைக் கொண்டு அளப்பது என்ற கேள்வி ஆண்டுதோறும் எழுகின்றது. பாடநூல்கள் இதற்கு அமெரிக்க எடுத்துக்காட்டுகளையே தருகின்றன. அவ்வளவு தூரம் போவானேன்? ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் செல்லும் வழியிலேயே அதற்கான பாடம் கிடக்கின்றது. அப்பாடத்தின் நாயகர் ராஜீவ் சூரி.

இவர் 1967-இல் பிறந்தவர், குவைத்தில் வளர்ந்தவர். மணிப்பாலில் மின்னணுவியல், தொலைத்தொடர்புப் பொறியியல் படித்து 1989-இல் பட்டம் பெற்றார். மேற்படிப்புப் பட்டம் எதுவும் அவருக்கு இல்லை என்பதை, எம்.பி.ஏ. இடம் கிடைக்காவிட்டால் வாழ்வே போயிற்று என்று என்னிடம் வந்து கலங்கும் மாணவர்கள் கவனிப்பார்களாக! இந்தியாவிலும் நைஜீரியாவிலும் சில ஆண்டுகள் வேலை பார்த்தபின், 1995-இல் நோக்கியாவில் சேர்ந்தார். அதே ஆண்டு ஜூலை 31-ஆம் நாள் மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு கல்கத்தாவிலிருந்து டெல்லியிலிருந்த அமைச்சர் சுக்ராமுடன் பேசியதே இந்தியாவின் முதல் கைப்பேசி உரையாடல். அந்த வலையமைப்பை நிறுவியதும் நோக்கியாவே.

நோக்கியாவுக்கு இரண்டு முகங்கள் உண்டு. ஒன்று, நம் கையில் தவழ்ந்த கைப்பேசி. மற்றொன்று, கண்ணில் படாத வலையமைப்புக் கருவிகள்; அதாவது கோபுரங்களில் ஏறும் ரேடியோப் பெட்டிகள் முதலியன. சூரி வளர்ந்தது இந்த இரண்டாம் பிரிவில். 2007-இல் அப்பிரிவு ஜெர்மனியின் சீமென்ஸ் நிறுவனத்தோடு இணைந்து கூட்டு நிறுவனமாயிற்று. அது நட்டத்தில் தத்தளித்துக்கொண்டிருந்த 2009 அக்டோபரில் சூரி அதன் தலைவரானார். எல்லா வகைக் கருவிகளையும் செய்வதை விட்டு, கைப்பேசி அகலக்கற்றை ஒன்றிலேயே கருத்தைச் செலுத்துவதென்று முடிவெடுத்தார். 2011 நவம்பரில், உலகெங்கும் 17,000 பணியிடங்களைக் குறைக்கப் போவதாக அறிவித்தார். நிறுவனம் பிழைத்தது. 2013-இல் சீமென்சின் பங்கையும் நோக்கியாவே வாங்கிக்கொண்டது. அந்த 17,000 என்னும் எண்ணைப் பாடநூல் ‘செலவுக் குறைப்பு’ என்ற தலைப்பில் ஒரே வரியில் முடித்துவிடும். நாம் அவ்வாறு முடித்துவிடலாகாது.

இனி ஸ்ரீபெரும்புதூருக்கு வருவோம். 2005-இல் தமிழக அரசுடன் ஒப்பந்தம் செய்துகொண்ட நோக்கியா, 2006-இல் இங்குக் கைப்பேசி உற்பத்தியைத் தொடங்கியது. உச்ச நிலையில் ஏறத்தாழ 8,000 பேர் நேரடியாக வேலை செய்தனர். பெரும்பாலோர் இளம் பெண்கள். பள்ளிப் படிப்பை முடித்த கையோடு நிறுவனப் பேருந்தில் ஏறிய பெண்ணின் சம்பளம், சுற்றுவட்டக் கிராமங்களில் ஒரு குடும்பத்தின் கணக்கையே மாற்றி எழுதியது. சிறப்புப் பொருளாதார மண்டலங்களால் யாருக்கு லாபம் என்று வாதிடுவோர் இதனையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

வீழ்ச்சிக்குக் காரணம் ஒன்றன்று. தொடுதிரைப் போட்டியில் நோக்கியா பின்தங்கியது முதற்காரணம். அடுத்தது வரி வழக்கு. கைப்பேசியில் ஏற்றும் மென்பொருளுக்காக இந்தியக் கிளை பின்லாந்துத் தாய் நிறுவனத்துக்குப் பணம் செலுத்தி வந்தது. அது உரிமத்தொகை, ஆகவே செலுத்தும்போதே வரி பிடித்திருக்க வேண்டும் என்றது வருமான வரித்துறை. பொருளை விலைக்கு வாங்கினோம், உரிமத்தொகை அன்று என்றது நிறுவனம். கணக்குப்பதிவியல் மாணவர்கள் இவ்வேறுபாட்டை ஊன்றிக் கவனிக்க வேண்டும். ஒரு சொல்லின் பொருளில் 2,000 கோடி ரூபாய்க்கு மேல் தொங்கியது. 2013 செப்டம்பரில் நோக்கியா தன் கைப்பேசித் தொழிலை மைக்ரோசாப்டுக்கு விற்க உடன்பட்டது. ஆனால் இந்தியச் சொத்துக்கள் முடக்கப்பட்டிருந்தன. 2014 மார்ச்சில், 3,500 கோடி ரூபாய்க்கு உத்தரவாதம் தந்தால்தான் தொழிற்கூடத்தைக் கைமாற்றலாம் என்ற நிலையை உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. ஆகவே ஏப்ரல் 25-ஆம் நாள் விற்பனை நிறைவேறியபோது இந்தத் தொழிற்கூடம் மட்டும் நோக்கியாவிடமே தங்கிவிட்டது.

அதற்கு ஆறு நாள் கழித்து, மே 1-ஆம் நாள், சூரி நோக்கியா முழுமைக்கும் தலைமை நிர்வாகியானார். இந்தியர் ஒருவர் உயர்ந்தார் என்று செய்தித்தாள்கள் மகிழ்ந்த அதே வாரங்களில், இங்கு ஏறத்தாழ 5,000 பேர் விருப்ப ஓய்வு பெற்று வெளியேறினர். மைக்ரோசாப்ட் கொள்முதலை நிறுத்தவே, நவம்பர் 1-ஆம் நாளிலிருந்து உற்பத்தி நின்றது. இதற்குச் சூரியைப் பொறுப்பாக்குவது நேர்மையன்று. விற்பனையும் வழக்கும் அவருக்கு முந்தியவை. ஆனாலும் பதவியோடு அதன் சுமையும் வந்து சேர்கின்றது. தொழிலாளியைப் பொறுத்தவரை, கையெழுத்திட்டவர் யார் என்பதைவிடக் கதவு மூடியதே உண்மை. அவர் கேட்கும் பதிலைத் தலைமையில் இருப்பவர்தான் சொல்லியாக வேண்டும்.

அதே சமயம், ஒரகடத்தில் இருந்த வலையமைப்புக் கருவித் தொழிற்கூடம் மூடப்படவில்லை. அதுவே சூரி வளர்த்த பிரிவு. 2018-இல் அங்கே 5ஜி ரேடியோக் கருவிகள் செய்யத் தொடங்கினர். ஒரே நிறுவனம், ஒரே வட்டாரம். ஒன்று நின்றது, ஒன்று நிலைத்தது. கைப்பேசியை வாங்குவோர் அடுத்த ஆண்டே மனம் மாறுவர். கோபுரக் கருவியை வாங்கும் நிறுவனமோ பல ஆண்டுகளுக்கு அதோடு கட்டுண்டு கிடக்கும். இந்த வேறுபாடே, தனிமனிதத் திறமையைவிட, இரு கூடங்களின் விதியை நிர்ணயித்தது என்பேன்.

சூரியின் பிற்பகுதி சுருக்கமானது. 2015-இல் ஆல்காடெல்-லூசென்டை 1,560 கோடி யூரோ மதிப்பில் வாங்க ஒப்பந்தம் செய்தார். 5ஜி கருவிகளில் விலை மிகுந்த சில்லுகளைத் தேர்ந்ததால் அடக்கவிலை ஏறியது. 2019 அக்டோபரில் லாப ஈவு நிறுத்தப்பட, பங்கு விலை ஒரே நாளில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சரிந்தது. 2020 ஆகஸ்டில் பெக்கா லுண்ட்மார்க் பொறுப்பேற்றார். சூரி 2021-இல் இன்மார்சாட் என்னும் செயற்கைக்கோள் தொடர்பு நிறுவனத்தின் தலைவரானார். 2023-இல் அதனை வயாசாட் வாங்கிக்கொண்டது.

ஸ்ரீபெரும்புதூரின் மூடிய கூடத்தைச் சால்காம்ப் நிறுவனம் எடுத்துக்கொள்வதாக 2019 நவம்பரில் அறிவிப்பு வந்தது. முன்பு அதே வளாகத்தில் நோக்கியாவுக்கு மின்னேற்றிகள் செய்து கொடுத்த நிறுவனம் அது.