மில்லிங் மெஷினில் நிழலா?

விளாத்திகுளம் லேத் பட்டறையில் ஷாஃப்டுக்குக் கீவே வெட்டும்போது, மேலே டியூப்லைட் எரிந்தும் கட்டரின் அடியில் இருட்டுதான்.

1. 12 வோல்ட் டி.சி. எல்.இ.டி. ஸ்ட்ரிப் வாங்குங்கள். மலிவான ஏ.சி. விளக்கு நொடிக்கு 100 முறை மினுங்கும். சுற்றும் கட்டர் நிற்பதுபோல் தெரியும். விரலுக்கே ஆபத்து, இதில் சிக்கனம் வேண்டாம்.

2. ஸ்ட்ரிப்பைக் குறியிட்ட இடத்தில் மட்டும் வெட்டுங்கள். மாறி வெட்டினால் அந்தத் துண்டு எரியாது.

3. அலுமினியப் பட்டையில் ஒட்டுங்கள். சூட்டை அது இழுத்துக்கொள்ளும்.

4. ஸ்பிண்டிலின் நான்கு பக்கமும், ஹெட்டின் அசையாத பகுதியில் திருகுங்கள். ஒன்றன் நிழலை மற்றொன்று அழிக்கும். காந்தம் வைத்தால் இரும்புத்தூள் அப்பிக்கொள்ளும்.

5. சால்டர் வைத்த இடங்களைச் சிலிக்கானால் மூடுங்கள். கூலண்டும், வேம்பார் பக்கம் உப்புக்காற்றும் செம்பை அரிக்கும்.

6. ஸ்ட்ரிப்புக்கு 12 வோல்ட் தரும் எஸ்.எம்.பி.எஸ்.ஸைக் கூலண்ட் தெறிக்காத சுவரில் மாட்டி, எர்த் கட்டாயம் கொடுங்கள். 230 வோல்ட் அதற்குள்தான் இருக்கிறது.