பின்கதவுப் பூட்டையும் பாருங்கள்

ஜி.எஸ்.டி. படிவத்தில் கையெழுத்திட நம் டவுன் ரத வீதி வியாபாரிகளில் பலர் டிஜிட்டல் டோக்கன் வைத்திருக்கிறோம். அந்தக் கையெழுத்துக்குச் சான்றிதழ் தருவது எங்கோ இருக்கும் ஒரு சர்வர். அதன் நிர்வாகப் பக்கத்தில் பிறர் புகுந்தால் யார் பெயரிலும் சான்றிதழ் எழுதலாம். 2014 ஜூலையில் என்.ஐ.சி.யின் சான்றிதழ்ப் பிரிவிலிருந்து கூகுள் பெயரில் முறைகேடான சான்றிதழ்கள் வெளிவந்தன. மத்திய அரசின் கட்டுப்பாட்டாளர் அப்பிரிவின் சான்றிதழ்களையே ரத்து செய்தார். அது பலவீனமான சங்கேதத்தால் நேர்ந்தது என்று சொல்ல வரவில்லை. அந்த அறையின் மதிப்பு தெரியவே சொன்னேன்.

இரண்டு கம்ப்யூட்டர்கள் பேசத் தொடங்குமுன், எந்தச் சங்கேத முறை என்று பேரம் நடக்கும். பட்டியலில் பழைய முறையும் இருந்தால், இடையில் நிற்பவன் பேரத்தைக் கெடுத்து அதற்கே இறக்கிவிடக்கூடும். 1990-களில் அமெரிக்கா வெளிநாடுகளுக்குப் பெரும்பாலும் 40 பிட் சாவி அளவுக்கே அனுமதித்தது. 2000-ல் தடை தளர்ந்தும் அந்த ‘ஏற்றுமதிச் சரக்கு’ பல சர்வர்களில் மூட்டைக்கடியில் வண்டு விழுந்த பயறுபோலக் கிடந்தது. 2015 மார்ச்சில் ‘ஃப்ரீக்’ என்ற ஓட்டையாக வெளிப்பட்டது.

கடை பில்லிங் சர்வருக்கும் இதே கதைதான். வாடிக்கையாளர் பார்க்கும் பக்கத்தைச் சரிசெய்துவிட்டு, நிர்வாகப் பக்கத்தை விட்டுவிடுகிறார்கள்; அதற்குப் பெரும்பாலும் தனிப் பட்டியல் உண்டு. கம்ப்யூட்டர் பார்க்கும் தம்பியிடம் எஸ்.எஸ்.எல்., டி.எல்.எஸ். 1.0, 1.1, ஆர்.சி.4, டெஸ், மூவடுக்கு டெஸ் எல்லாவற்றையும் நீக்கச் சொல்லுங்கள். டி.எல்.எஸ். 1.2, 1.3 போதும். முதலில் பேக்கப் எடுக்கட்டும். விண்டோஸ் எக்ஸ்பி ஓடும் பழைய மெஷின் அதற்குப்பின் உள்ளே நுழையாமல் போகலாம். அதை மாற்றும் செலவையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.