அடுக்களையிலிருந்து ஆரம்பிக்கலாம்

ஓட்டப்பிடாரத்தில் பிறந்த விடுதலைப் போராட்ட வீரர் வ.உ.சி., ஒடுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த பார்வையற்ற ராமையா தேசிகரைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். சொந்தக்காரர்கள் முகம் சுளித்தார்கள். மனைவி வள்ளியம்மையோ தயங்காமல் சோறு போட்டார். சாதி பார்க்க மாட்டேன் என்று மேடையில் யாரும் சொல்லலாம். அடுக்களைதான் பரீட்சை.

● வேலைக்கு வருபவர்களுக்கென்று உங்கள் வீட்டில் தனி டம்ளர் இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். உள்ளே உட்காரவைத்து, வீட்டார் குடிக்கும் டம்ளரிலேயே காபி கொடுங்கள். பெரியவர்கள் முணுமுணுத்தால் வாதாடிக்கொண்டிருக்க வேண்டாம். மறுநாளும் அப்படியே கொடுங்கள். பழகிவிடும்.

● ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பளங்களில் வேலை இராது. கடை வைத்திருப்பவர்கள் அந்த மாதங்களில் உப்பளத் தொழிலாளர்களிடம் பழைய பாக்கியை நாலுபேர் முன்னால் கேட்காதீர்கள்.

● கைக்காசு கொடுப்பதோடு வேலையும் தேடிக் கொடுங்கள். 1908-இல் தூத்துக்குடி கோரல் மில் வேலைநிறுத்தத்தின்போது, நிதி திரட்டியதோடு தொழிலாளர்கள் பலருக்கு வேறு வேலையும் ஏற்பாடு செய்தார் வ.உ.சி.

● பள்ளிக்கூடத்துப் பிள்ளை கையில் சாதிக் கயிறு கட்டி வந்தால் அதட்டாதீர்கள். “யாருல கட்டிவிட்டா?” என்று பக்குவமாகக் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை அடுத்த தெருக் கூட்டாளியைச் சாப்பிடக் கூட்டிவரச் சொல்லுங்கள்.