உற்பத்தியாளர் நிறுவனம்: முதல் மூன்றாண்டுப் பணக் கணக்கு

செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திற்கு நெல்லும் மணிலாவும் கொண்டுவரும் சிறு விவசாயிகள் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் தொடங்கினால், முதலில் கவனிக்க வேண்டியது கணக்குப் புத்தகத்தை. பெயர்ப்பலகை மாட்டிய கையோடு நெல் கொள்முதலில் இறங்கினால் கையைக் கடிக்கும்.

மத்திய அரசு 2020-ல் தொடங்கிய 10,000 நிறுவனங்கள் திட்டத்தில், சமவெளிப் பகுதியில் குறைந்தது 300 உறுப்பினர்கள் வேண்டும். நிர்வாகச் செலவுக்கு மூன்று ஆண்டுகளில் 18 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. இது வியாபார முதல் அல்ல. முதன்மை அலுவலருக்கு மாதம் 25,000, கணக்கருக்கு 10,000 என்று கொடுத்தால் 36 மாதங்களில் 12,60,000 ரூபாய் சம்பளத்துக்கே போய்விடும். மீதியில்தான் பதிவுக் கட்டணம், வாடகை, பயணச் செலவு எல்லாம்.

வியாபாரத்துக்கு உதவுவது பங்குத்தொகை. உறுப்பினர் போடும் பங்குக்கு ஈடாக அரசும் மானியம் தருகிறது. ஆளுக்கு 2,000 ரூபாயும், நிறுவனத்துக்கு 15 லட்சமும் உச்சவரம்பு. 300 பேர் தலா 1,000 போட்டால் 3 லட்சம், மானியம் சேர்ந்தால் 6 லட்சம். மூட்டை 1,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், இது 400 மூட்டை நெல்லுக்குத்தான் காணும். ஏக்கருக்கு 30 மூட்டை விளைந்தால் பதினான்கு ஏக்கர் நெல்கூட இல்லை! கோட்டைக்குள் நிற்கும் களஞ்சியத்தை நிரப்ப அரசர்களுக்கு வரி வந்தது. இங்கே அப்படி எதுவும் வராது.

ஆகவே தொடக்கத்தில் நெல்லை விலைக்கு வாங்காமல், உறுப்பினர்களின் மூட்டைகளை ஒன்றுசேர்த்துக் கூடத்தில் விற்றுக் கொடுத்து, மூட்டைக்கு இவ்வளவு என்று சேவைக் கட்டணம் மட்டும் பெறுவது நல்லது. விதை, உரம் விற்க உரிமம் பெற வேண்டும். பயிர்ப் பருவத்துக்கு முன்பே யாருக்கு எவ்வளவு தேவை என்று பட்டியல் எடுத்து, பாதிப் பணத்தை முன்கூட்டி வாங்கிவிட்டால் கைமுதல் முடங்காது. கடனுக்கு மட்டும் கொடுக்கலாகாது. பங்காளியும் சம்பந்தியும் உறுப்பினராக உள்ள இடத்தில் பாக்கி கேட்க எவருக்கும் வாய் வராது.

நான்காம் ஆண்டில் மானியம் நின்றபின் சம்பளத்துக்கு மட்டும் ஆண்டுக்கு 4,20,000 ரூபாய் தேவை. மூட்டைக்கு 20 ரூபாய் நின்றால் 21,000 மூட்டை கைமாற வேண்டும். முதல் பருவத்திலிருந்தே எத்தனை மூட்டை கைமாறியது என்பதை மாதந்தோறும் இயக்குநர் கூட்டத்தில் படித்துக் காட்டுவது அவசியம்.

பதிவான 90 நாட்களுக்குள் முதல் பொதுக்குழு கூட்ட வேண்டும். தணிக்கைக் கணக்கையும் ஆண்டறிக்கையையும் தவணை தவறித் தாக்கல் செய்தால், ஒவ்வொரு படிவத்துக்கும் நாளொன்றுக்கு 100 ரூபாய் கூடுதல் கட்டணம். தணிக்கையாளர் கட்டணத்தை முதல் மாதமே தனியாக எடுத்து வைத்துவிடலாம்.