தெருவில் நாற்று, வாசலில் மலர்வளையம்

கேள்வி: பாதாளச் சாக்கடைக்காகத் தோண்டிய எங்கள் தெரு ஒரு வருஷமாகச் சேறும் சகதியுமாகக் கிடக்கிறது. மனு மேல் மனு கொடுத்தும் பலனில்லை. போன மாதம் நடுத்தெருவில் நாற்று நட்டோம். பேப்பரில் படம் வந்ததோடு சரி. இனி கவுன்சிலர் வீட்டு வாசலில் ராத்திரி சங்கு ஊதி மலர்வளையம் வைக்கலாம், அவர் மனைவியின் போன் நம்பரை வாட்ஸ்அப்பில் போடலாம் என்கிறார்கள் இளைஞர்கள். இதுவும் நூதனப் போராட்டம்தானே?

- வாசகர் ஒருவர்

வழக்கறிஞர் பதில்: நாற்று நட்டது போராட்டம். போகிற வருகிற எல்லாருக்கும் விஷயம் புரிந்தது. 2017-ல் அய்யாக்கண்ணு தலைமையில் டெல்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்த விவசாயிகள், மண்டை ஓடுகளைப் பரப்பினார்கள், எலியை வாயில் கவ்வினார்கள். பார்க்கச் சங்கடம்தான். ஆனால் ஊரறியச் செய்தார்கள். யார் வீட்டுத் தூக்கத்தையும் கெடுக்கவில்லை.

ராத்திரிச் சங்கு யார் காதில் விழும்? உள்ளே தூங்கும் பிள்ளைகள் காதில். விடிந்ததும் வாசலில் மலர்வளையத்தைப் பார்ப்பவருக்கு ரோடு ஞாபகம் வராது, உயிர்பயம்தான் வரும். பாரதிய நியாய சன்ஹிதா 351-வது பிரிவில் மிரட்டல் புகார் கொடுக்க அதுவே போதும். வெளியே போகவிடாமல் வழிமறித்தால் 126-வது பிரிவும் சேரும். மனைவி எந்தப் பதவியிலும் இல்லை. அவர் நம்பரைத் தொடவே கூடாது.

அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்து புரூக்ஃபீல்டில், 1985-ல் கருக்கலைப்பு செய்யும் டாக்டர் ஒருவரின் வீட்டு முன்னால் திரும்பத் திரும்ப மறியல் நடந்தது. ஊர் நிர்வாகம் தடை போட்டது. 1988-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. குடியிருப்புத் தெருவில் ஊர்வலம் போகலாம். ஒரே வீட்டைக் குறிவைத்து நின்றால் உள்ளே இருப்பவர் ஒதுங்க இடமில்லை என்பதே காரணம். நம் கோர்ட்டை அது கட்டுப்படுத்தாது. நியாயம் மட்டும் பொருந்தும்.

சிக்கல் ஒன்று உண்டு. பல கவுன்சிலர்களுக்கு வீடுதான் ஆபீஸ். மனு வாங்கும் நேரத்தில் பத்துப் பேராகப் போய்க் காரசாரமாகக் கேட்டால் அது தொல்லையாகாது. பதவிக்கு வந்தவர் அந்தச் சங்கடத்தைத் தாங்கித்தான் ஆக வேண்டும்.

சங்கும் மலர்வளையமும் இருக்கட்டும். போலீசில் எழுத்துமூலம் அனுமதி வாங்கி, பட்டப்பகலில் அந்தத் தெருவுக்கே இறுதி மரியாதை செய்யுங்கள். அதற்கு முன், தகவல் உரிமைச் சட்டத்தில் வேலை உத்தரவின் நகலைக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். வேலை முடிந்திருக்க வேண்டிய தேதியை அதிலிருந்து எடுத்துத் தட்டியில் பெரிதாக எழுதுங்கள்.