களியும் கல்வியும்

2024இல் கருநாடக அரசுப் பள்ளிகளில் பாலோடு ராகி மாவு கலந்து தரத் தொடங்கினர். ஆயினும், வீட்டுக் களியை ஏழையுணவென்று கூசும் பிள்ளைகள் நம் தங்கவயலில் உண்டு. அக்கூச்சத்தைப் போக்குவது விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவராகிய நம் கடமையன்றோ!

பாடம் எளிது. நூறு கிராம் கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து 300 மில்லிகிராமுக்கு மேல். தீட்டிய அரிசியிலோ ஏறத்தாழ 10. வளரும் எலும்புக்கு எது நலம்?

அடுத்து, இரு தொட்டிகளில் நெல்லும் கேழ்வரகும் விதைத்து, ஊற்றும் நீரைக் குவளையால் எண்ணச் சொல்வோம். வற்றாத ஆறில்லாக் கோலாருக்கு ஏற்ற பயிரைப் பிள்ளைகளே கண்டுகொள்வர்.

2001இல் பொற்சுரங்கம் மூடப்பட்டது, மண் இருக்கிறது. அது தரும் உணவை மதிக்கக் கற்பிப்போம்.